மற்றவை: மாப்பிள்ளை, ஆறு

கொக்கி சாருக்கு அந்த வாரம் முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. பதவி உயர்வா, பரிசா என்று கேட்காதீர்கள். ஒரு பூஜ்யம், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் வாங்கிய பூஜ்யங்களை எல்லாம் பைக்கு அடியில் ஒளித்து வைத்த மனுஷன், இந்த ஒன்றை மட்டும் கொட்டை எழுத்தில் அச்சடித்து, மேஜைக்கு எதிரே சுவரில் ஒட்டி வைத்திருந்தார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில், தக்கையில் குத்திய தூண்டில் கொக்கி ஒன்று எப்போதும் இருக்கும் என்பதால் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் இந்தப் பெயர் நிலைத்துவிட்டது. தெரியாத்தனமாக யாராவது "இப்ப என்ன வேலை சார் போகுது?" என்று கேட்டுவிட்டால் தொலைந்தார்கள். கொக்கி வெளியே வரும். கேட்டவர் டீ ஆறும்.

விஷயம் இதுதான். சூரை மீன் பிடிக்கப் போகும் படகுகள் கடலில் கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு ஒரு நீளக் கயிறு விடும். அதிலிருந்து கிளைக் கயிறுகள், ஒவ்வொன்றிலும் ஒரு கொக்கி, ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு துண்டு இரை. சூரைக்கு வைத்த விருந்து என்று ஆமைக்கு யார் போய்ச் சொல்வது? அதுவும் வந்து வாய் வைக்கும். பழைய கொக்கி குடைக்காம்பின் பிடி மாதிரி வளைந்திருக்கும். அதை அப்படியே விழுங்கிவிட்டு, மூச்சு விட மேலே வர முடியாமல், ஆமை தண்ணீருக்குள்ளேயே செத்துப்போகும். புதுக் கொக்கியின் முனை உள்பக்கமாகத் திரும்பி, ஏறக்குறைய வட்டமாக இருக்கும். ஆமையால் அதைச் சுலபத்தில் விழுங்க முடியாது. சூரைக்கோ அது உதட்டோரத்தில் கச்சிதமாக மாட்டும்.

இது உண்மையா என்று பார்க்க ஒரே படகில் இரண்டு வருஷம் சோதனை. முதல் வருஷம் பழைய கொக்கி, இரண்டாம் வருஷம் புதுக் கொக்கி. முதல் வருஷக் கணக்கு: ஆமை பதினான்கு, அதில் செத்தது ஒன்பது. இரண்டாம் வருஷம்: ஆமை பூஜ்யம். சூரை மட்டும் ஒரு கூடை குறையவில்லை. கொக்கி சார் தன் பெயரில் செய்த முதல் ஆராய்ச்சி அது. வெள்ளிக்கிழமை கூடுகிற குழு தலையசைத்துவிட்டால், துறைமுகத்தில் இருக்கிற நூற்றிச் சொச்சம் படகுகளுக்கும் புதுக் கொக்கிதான்.

அந்தப் படகு அவருடைய மாமனாருடையது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேறு எந்தக் கேப்டனும் அவரை மதித்துப் படகில் ஏற்றவில்லை. மாமனாரும் லேசில் இறங்கி வரவில்லை. மகள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த பிறகுதான் "கொண்டாங்க உங்க கொக்கிய" என்றார்.

செவ்வாய்க்கிழமை இயக்குநர் அம்மா கூப்பிட்டு அனுப்பினார். அவர் எந்த அறிக்கையையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவர். முன்பக்கத்தில் ஆட்கள் பெருமை பேசுவார்கள், பின்பக்கத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள் என்பது அவர் அனுபவம்.

"உட்காருங்க. 'மற்றவை'ன்னு ஒரு பட்டியல் போட்டிருக்கீங்களே, அதுல இது என்ன மீன்?"

விரல் வைத்த இடத்தில் இருந்தது: மாப்பிள்ளை – 6.

கொக்கி சார் அந்த வரியை அப்போதுதான் பார்க்கிறார். படகில் எழுதிய நோட்டுகளைக் கணினியில் ஏற்றுவதற்கு ஒரு அம்மா இருந்தார். எழுதியிருப்பதை ஒரு புள்ளி மாற்றாமல் ஏற்றுகிறவர். நோட்டில் ஈ ஒட்டியிருந்தால் அதையும் ஏற்றுவார். கொக்கி சாரோ ஆமை என்ற கட்டத்தைப் பார்த்த மயக்கத்தில் அதற்குக் கீழே கண்ணையே கொண்டுபோகவில்லை.

"வட்டாரப் பேரு மேடம்" என்றார், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"அது தெரியுது. அறிவியல் பேரு? வெள்ளிக்கிழமைக்குள்ள போடுங்க. ஆமை பூஜ்யம்னு நான் மேல கடிதமே அனுப்பியாச்சு. இந்த மாதிரி ஒரு ஓட்டையை வச்சுக்கிட்டுப் போய் நிக்கக் கூடாது."

அறைக்குத் திரும்பி மீன் பெயர் அகராதியை எடுத்தார். கிளி இருந்தது, நாக்கு இருந்தது, வாள் இருந்தது, குதிரைகூட இருந்தது. இத்தனை பேருக்கு இடம் கொடுத்த கடலில் ஒரு மாப்பிள்ளைக்கு இடம் இருக்காதா என்று பக்கம் பக்கமாகப் புரட்டினார். இல்லை. சரி, குறிப்புகளைப் பார்ப்போம் என்று கணினியைத் திறந்து, நடுவில் கண்ணில் பட்ட இரண்டு மூன்றைப் படித்தார்.

"மாப்பிள்ளை ஒருவர் வந்தார். வாயோரம் கொக்கி. மெதுவாக எடுத்தோம்."

"மாப்பிள்ளை களைத்துப் போயிருந்தார். நிழலில் கிடத்தி ஈரத்துணி போர்த்தினோம்."

"மாப்பிள்ளை பெருமூச்சு விட்டார். எல்லோருக்கும் நிம்மதி. எஞ்சினை நிறுத்தி இறக்கி விட்டோம். திரும்பிப் பார்க்காமல் போனார்."

கொக்கி சாருக்குப் புல்லரித்தது. மீன் வந்தது, போனது என்று எழுதுகிற ஆட்கள் இதற்கு மட்டும் 'வந்தார், போனார்' போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் எவ்வளவு பெரிய மீனாக இருக்க வேண்டும்! பெருமூச்சு வேறு விடுகிறது. இதுவரை யாருமே பதிவு செய்யாத இனமாக இருந்தால்? புது இனத்துக்குக் கண்டுபிடித்தவர் பெயரை வைப்பது வழக்கம். தன் பெயரோடு லத்தீன் வால் ஒன்றை ஒட்டிப் பார்த்தார். காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. சுவரில் இருந்த பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இன்னொரு தாள் ஒட்ட இடம் இருக்கிறதா என்றுகூட அளந்துவிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் கேட்டார். அவள் கணக்கு டீச்சர். சாப்பாட்டு மேஜை முழுக்க நோட்டுகளைப் பரப்பித் திருத்திக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, உங்கப்பா படகுல மாப்பிள்ளைன்னு ஏதாவது மீன் சொல்வாங்களா?"

சிவப்புப் பேனா நின்றது. ஒரு நோட்டை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். நோட்டு குலுங்கியது.

"என்ன சிரிப்பு? நான் சீரியஸா கேக்கறேன்."

"எனக்கு மீனைப் பத்தி என்னங்க தெரியும்?" என்று நோட்டுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "அப்பா நாளைக்குக் காலையில கரைக்கு வராரு. நேர்லயே போய்க் கேட்டுக்குங்க. அளவு நாடா எடுத்துட்டுப் போங்க."

மறுநாள் காலை படகு மேடையில் கூட்டம். பெட்டி பெட்டியாகச் சூரை இறங்கிக்கொண்டிருந்தது. ஐஸ் அரைக்கும் இயந்திரம் போட்ட சத்தத்தில் காதில் எதுவும் விழவில்லை. மாமனார் டீசல் விஷயமாக எங்கேயோ போயிருந்தார். சமையல்காரர் மட்டும் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். படகில் இருக்கிற எட்டுப் பேரில் கையெழுத்து நன்றாக இருப்பது அவருக்குத்தான் என்பதால் ஆராய்ச்சி நோட்டும் அவர் பொறுப்பு.

"வாங்க சார், வாங்க" என்று எழுந்தார்.

"அண்ணே, நோட்டுல மாப்பிள்ளைன்னு எழுதியிருக்கீங்களே, அது என்ன மீன்?"

சமையல்காரர் மறுபடி உட்கார்ந்தார். உரித்த வெங்காயத்தையே இன்னொரு தடவை உரித்தார்.

"மீனா? மீன்னு சொல்ல முடியாதுங்க."

"பின்ன?"

"கேப்டன் வந்துரட்டுமே சார்."

"வெள்ளிக்கிழமை கூட்டம் அண்ணே. நான் பேரு போட்டாகணும்."

"பேரு போடப் போறீங்களா?" சமையல்காரர் அலறியேவிட்டார். "ஐயோ, அதெல்லாம் வேணாம் சார். அது ஆமைதாங்க."

கொக்கி சாருக்கு ஐஸ் இயந்திரச் சத்தம்கூடச் சட்டென்று நின்றுபோன மாதிரி இருந்தது.

"ஆமையா? ஆமைக்கு எதுக்கு மாப்பிள்ளைன்னு எழுதினீங்க? ஆமைக்குத் தனிக் கட்டமே இருக்கே!"

"கட்டம் இருக்குதுங்க. ஆனா யாரும் அப்படிச் சொல்றதில்லையே. 'மாப்பிள்ளை வந்துட்டாரு, கயித்தை மெதுவா இழு'ன்னுதான் கத்துவாங்க. நான் காதுல விழுந்ததை எழுதினேன்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "நீங்க எங்ககூட வந்தீங்களே சார், புதுக் கொக்கி போட்ட முதல் நாளு. அப்புறம்தான்."

அந்த நாளைக் கொக்கி சார் மறக்கப் படாத பாடு பட்டிருந்தார். படகு கிளம்பி அரைமணி நேரம் மேல்தளத்தில் அவர் வகுப்பு எடுத்தார். ஆமைக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "மாட்டின ஆமையைக் கயித்தைப் பிடிச்சுத் தூக்கக் கூடாது. ரெண்டு பக்கமும் ஓட்டைப் பிடிச்சுத் தூக்கணும். மல்லாக்கப் போடக் கூடாது. பின்பக்கம் கொஞ்சம் உயரமா இருந்தா உள்ளே போன தண்ணி வடியும். நிழல்ல வச்சு ஈரத்துணி போடணும். பக்கத்துல சத்தம் போடக் கூடாது. தெளிஞ்சதும் எஞ்சினை நிறுத்திட்டு, மெதுவா இறக்கி விடணும்" என்று சொல்லி முடித்தார். எட்டுப் பேரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். கேள்வி இருக்கிறதா என்று கேட்க வாய் திறந்தவருக்கு வேறு ஏதோ வந்தது.

அப்புறம் நடந்ததைச் சமையல்காரர் கூச்சத்தோடு சொன்னார். "நீங்க குப்புற விழுந்துட்டீங்க சார். என்ன பண்றதுன்னு எங்களுக்குத் தெரியல. இப்பதானே ஒண்ணு சொல்லிக் கொடுத்தாருன்னு, அதையே பண்ணினோம். ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தூக்கினோம். நிழல்ல போட்டோம். இடுப்புக்குக் கீழ ரெண்டு கோணி மடிச்சு வச்சோம். ஈரத்துணி போட்டோம். கேப்டன் வந்து பாத்துட்டு, 'மாப்பிள்ளைகிட்டச் சத்தம் போடாதீங்கடா'ன்னாரு. மூணாம் நாள் ஒரு ஆமை மாட்டுச்சு. அதுவும் அதே மாதிரி கண்ணுல தண்ணியோட, அதே இடத்துல, அதே மாதிரி படுத்திருந்துச்சா... யாரு முதல்ல சொன்னாங்கன்னு தெரியலீங்க. ஆனா பேரு ஒட்டிக்கிச்சு."

கொக்கி சார் நோட்டை வாங்கிப் பார்த்தார். முதல் பக்கத்தில், முத்துமுத்தான கையெழுத்தில் இருந்தது: "மாப்பிள்ளை வந்தார். வாந்தி எடுத்தார். ஈரத்துணி போட்டோம். துறைமுகத்துக்குத் திரும்பும் படகில் உயிரோடு ஏற்றி விட்டோம்."

"இது..."

"அது நீங்கதான் சார்" என்றார் சமையல்காரர், தரையைப் பார்த்தபடி. "மத்த அஞ்சும் ஆமை."

மாமனார் அந்த நேரம் பார்த்து டீசல் ரசீதோடு வந்தார். மருமகன் கையில் நோட்டு, சமையல்காரர் முகத்தில் களை இல்லை. புயலுக்குப் பயப்படாத அந்த மனுஷர், ஐஸ் பெட்டி அடுக்குக்குப் பின்னால் நழுவி, வந்த வழியே போய்விட்டார்.

அன்று முழுக்கக் கொக்கி சாருக்கு வேலை ஓடவில்லை. பூஜ்யம் சுவரிலிருந்து அவரையே பார்த்தது. அதைக் காப்பாற்றுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. 'மாப்பிள்ளை: அடையாளம் காண இயலாத மீன்' என்று ஒரு வரி அடித்தால் போதும். இயக்குநர் அம்மாவின் கடிதம் பிழைக்கும், கொக்கி எல்லாப் படகுக்கும் போகும், ஆமைகளுக்கும் நல்லதுதானே? கெட்டுப்போவது எதுவுமில்லை. உண்மையைச் சொன்னாலோ, படகில் என்ன எழுதினார்கள் என்றே தெரியாத ஆராய்ச்சி என்று தூக்கி எறிவார்கள். அதற்கும் மேலே, குழுவில் பத்துப் பேர் முன்னால், தான் எப்படிப் படுத்திருந்தோம் என்பதை விவரிக்க வேண்டும்.

"அந்த ஒரு வரியை அடிச்சா என்ன?" என்று சாப்பிடும்போது மனைவியிடம் கேட்டார்.

அவள் நிதானமாகத் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்: "என் கிளாஸ்ல ஒருத்தன் விடை சரியா வரணும்னு நடுவுல ஒரு அஞ்சைச் சத்தமில்லாம முழுங்கிட்டான். என்ன பண்ணினேன் தெரியுமா?"

"என்ன பண்ணினே?"

"முட்டை போட்டேன். உங்களுக்குத்தான் முட்டைன்னா பிடிக்குமே, செவுத்துல ஒட்டி வச்சுக்குங்க."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் குழு கூடியது. நீள மேஜை, தண்ணீர் பாட்டில்கள், ஒரு பக்கம் அதிகாரிகள், இன்னொரு பக்கம் படகு உரிமையாளர் சங்கத் தலைவரும் அவர் ஆட்களும். சோதனைப் படகின் கேப்டன் என்ற முறையில் மாமனாரையும் அழைத்திருந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையில் கதவோரமாக உட்கார்ந்து, மருமகனைத் தவிர எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொக்கி சார் எழுந்தார்.

"அறிக்கையில ஒரு தப்பு இருக்கு. புதுக் கொக்கியில ஆமை பூஜ்யம் இல்ல. அஞ்சு. அஞ்சும் உயிரோட திரும்பிப் போச்சு."

இயக்குநர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அஞ்சு எங்கிருந்து வந்துச்சு?"

"'மற்றவை'யில, மாப்பிள்ளைன்னு இருக்கே மேடம், அதுதான் ஆமை."

"அதுல ஆறுன்னு இல்ல இருக்கு?"

"ஆமா மேடம்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆறாவது நான்."

முதலில் யாருக்கும் புரியவில்லை. பேசினில் ஆரம்பித்து, குப்புற விழுந்தது, கோணி, ஈரத்துணி என்று ஒன்று விடாமல் சொன்னார். ஈரத்துணிக்கு வந்தபோது சங்கத் தலைவர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. ஒரு அதிகாரி தண்ணீர் குடிக்கப் போய்ப் புரையேறி வெளியே ஓடினார். இயக்குநர் அம்மா சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. கொக்கி சாருக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது, அதையும் மறைப்பதற்கில்லை.

சிரிப்பு அடங்கியதும் சங்கத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"சார், சிரிச்சதுக்கு மன்னிச்சுக்குங்க. ஆனா ஒரு சந்தேகம். பதினாலு அஞ்சா குறைஞ்சது கொக்கியாலன்னே வச்சுப்போம். முன்னே ஒன்பது செத்துச்சு, இப்ப ஒண்ணுகூடச் சாகலன்னு சொல்றீங்களே, அது கொக்கியாலயா, இல்ல இவங்க காட்டின மரியாதையாலயா?"

நல்ல கேள்வி. இரண்டு வருஷத்தில் கொக்கி சார் தன்னைத்தானே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"தெரியாதுங்க" என்றார். "ரெண்டும் ஒரே நாள்ல படகுல ஏறிடுச்சு. இப்ப பிரிச்சுச் சொல்ல முடியாது."

இயக்குநர் அம்மா பென்சிலை எடுத்து ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டார். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். இன்னும் ஒரு வருஷம், பன்னிரண்டு படகு. பழைய கொக்கியோடு ஆமை, பழைய கொக்கியோடு மாப்பிள்ளை, புதுக் கொக்கியோடு ஆமை, புதுக் கொக்கியோடு மாப்பிள்ளை. ஆமை என்றால் பழையபடி, மாப்பிள்ளை என்றால் நிழலும் ஈரத்துணியும். மேலே அனுப்பிய கடிதத்தைத் தானே திருத்தி எழுதுவதாகவும் சொன்னார். நூற்றிச் சொச்சம் படகுக்கும் கொக்கி என்ற பேச்சு அதோடு தள்ளிப்போனது.

"கேப்டன், உங்களைப் பழைய கொக்கி, ஆமைங்கிற கட்டத்துல போடலாமா?"

மாமனார் எழுந்து நின்றார். "கொக்கி எதை வேணும்னாலும் குடுங்கம்மா, போட்டுக்கறேன். ஆனா ஆமைன்னு என் படகுல யாரும் கூப்பிட மாட்டாங்க. என்னாலயும் முடியாது. வேற ஆளைப் பாத்துக்குங்க."

கூட்டம் கலைந்தது. படிக்கட்டில் இறங்கும்போது மாமனார் பின்னாலேயே வந்து சேர்ந்துகொண்டார்.

"கோபமா மாப்பிள்ளை?"

"இல்ல மாமா."

"பசங்க கேலிக்குத்தான் ஆரம்பிச்சானுங்க. நான் தடுத்திருக்கணும்."

"விடுங்க மாமா. ஒண்ணு மட்டும் கேக்கணும்." கொக்கி சார் கீழ்ப்படியில் நின்றார். "பழைய கொக்கியில பதினாலும் விழுங்கியிருக்காது. வாயோரத்துல மாட்டினது, உயிரோட மேல வந்தது, சிலதாவது இருந்திருக்கும். அந்த ஒன்பதுல எதையாவது காப்பாத்தியிருக்க முடியுமா? அறிக்கைக்கு இல்ல, சும்மா கேக்கறேன்."

மாமனார் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நாலைஞ்சையாவது காப்பாத்தியிருக்கலாம்" என்றார். "அஞ்சு நிமிஷ வேலை. கையில கத்தி இருந்துச்சு, துணி இருந்துச்சு, நிழலும் இருந்துச்சு. ஆனா அப்போ அதெல்லாம் வெறும் ஆமை, மாப்பிள்ளை."